கண்டமாலை: ஒரு சொல்லும் இரு நோய்களும்

கண்டமாலை என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அது எந்த நோயின் பெயர் என்று நாலு பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். பாடசாலைப் பிள்ளையிடம் கேளுங்கள். "அயடீன் குறைஞ்சா வாற நோய், சேர்" என்று பட்டெனச் சொல்லும். அதே வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய மூத்தம்மா இருந்தால் அவரிடமும் கேளுங்கள். "கழுத்தச் சுத்தி முத்து முத்தா நெறி எழும்பும் மகன். பிறகு உடைஞ்சு சீழ் வடியும். லேசில ஆறாது" என்பார். பிள்ளை சொல்வது தைரொயிட் சுரப்பியின் வீக்கம். மூத்தம்மா சொல்வது கழுத்து நெறிகளில் பிடிக்கும் காசநோய். இரண்டும் கழுத்தில் வருகின்றன என்பதைத் தவிர இவற்றுக்குள் உறவு எதுவும் இல்லை. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு உதவாது.

நான் வைத்தியன் அல்லன். கிழக்கில் முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு சுகாதாரத் துண்டுப் பிரசுரங்கள் சிலவற்றைத் தமிழாக்கிக் கொடுத்து வருகிறேன். அந்த வேலையில்தான் இந்தச் சொல் என்னை மறித்தது. எந்த நோய்க்கு இதை எழுதுவது? அகராதியைப் பார்த்தால் ஒன்று, பாடநூலைப் பார்த்தால் வேறொன்று. தேடிப் போனபோது சரகரிலும் இப்னு ஸீனாவிலும் போய் முட்டிக்கொண்டேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. கண்டமாலை என்பதைப் பிரித்தால் கண்டம், மாலை. கண்டம் என்றால் கழுத்து, ஆகவே கழுத்தில் மாலை போல வருவது என்று நாம் பொருள் கொள்கிறோம். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பிந்தி ஏற்றிக்கொண்ட பொருள். வடமொழியில் கழுத்தைக் குறிக்கும் சொல் வேறு, கட்டி அல்லது வீக்கத்தைக் குறிக்கும் சொல் வேறு. முன்னது 'க' என்ற வல்லோசையில் தொடங்கும். பின்னது 'ga' என்று மெலிந்து ஒலிக்கும் எழுத்தில் தொடங்கும் என்று எழுதிக் காட்டலாமென்றால் தமிழில் அதற்கு எழுத்தில்லை. கங்கை என்ற ஆற்றின் பெயரை வடநாட்டார் சொல்லும்போது முதலெழுத்து எப்படி ஒலிக்கிறதோ, அந்த ஒலி. நோயின் பெயரில் இருப்பது இந்த இரண்டாவது சொல்தான். கட்டிகளின் மாலை என்பதே மூலப்பொருள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே கண்டம் ஆகிவிடுகின்றன. எழுத்து ஒன்றானதும் பொருளும் ஒன்றாகிவிட்டது. தமிழில் மட்டுமல்ல, இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் ஹிந்தியிலும் உருதுவிலும்கூட மக்கள் இந்நோயைக் கழுத்து மாலை என்ற பொருள்படவே சொல்கிறார்கள். கழுத்தில் மாலை என்ற படம் அத்தனை கச்சிதமாக மனதில் ஒட்டிக்கொள்கிறது போலும்.

ஆனால் அந்தத் தவறில்தான் பிற்காலக் குழப்பத்தின் விதை கிடக்கிறது. கட்டிகளின் மாலை என்றால் பல கட்டிகள் வரிசையாக இருக்க வேண்டும். கழுத்து மாலை என்று கொண்டால் கழுத்தில் வரும் எந்த வீக்கத்தையும் அதற்குள் போட்டுவிடலாம்.

ஆயுர்வேதக்காரர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். சரக சம்ஹிதை இரண்டு நோய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிக்கிறது. தொண்டைப் பக்கத்தில் ஒற்றையாக வரும் வீக்கம் கலகண்டம். பல கட்டிகள் கோவையாக வந்தால் கண்டமாலை. (கலகண்டத்தின் முதலெழுத்தையும் கங்கையின் முதலெழுத்தைப் போலவே வாசிக்க வேண்டும். கலம் என்றால் தொண்டை.) இந்த வித்தியாசம் எங்கேயோ ஓலைச்சுவடியில் புதைந்து கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். உங்கள் சிங்கள நண்பரிடம் அயடீன் குறைபாட்டால் வரும் கழுத்து வீக்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். 'கலகண்டய' என்பார். ஒற்றை வீக்கத்துக்குரிய பழைய பெயரையே சிங்களம் இன்றுவரை அந்நோய்க்கு வைத்திருக்கிறது. அதே தீவில், அதே நோயைச் சொல்ல, நமது தமிழ்ப் பாடப் புழக்கம் பக்கத்து நோயின் பெயரை எடுத்துக்கொண்டது. மொழிபெயர்ப்புக் குழுக்கள் பக்கத்து மேசையில் இருந்த சிங்களப் பிரதியை ஒருதரம் பார்த்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி அரபுக்கு வருவோம். நமது வாசகர்களுக்கு இது சற்றுத் திடுக்கிட வைக்கும். அரபு மருத்துவ நூல்களில் கண்டமாலைக்குப் பெயர் 'கனாஸீர்'. ஆம், கின்ஸீரின் பன்மைதான், பன்றிகள் என்று பொருள். இப்னு ஸீனா தமது 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் இப்பெயரில்தான் இந்நோயை விளக்குகிறார். யூனானி மருத்துவத்தில் இன்றும் இதுவே பெயர். ஒரு கூட்டத்தில் ஒருவர் இதை வைத்துக்கொண்டு, பன்றி இறைச்சி உண்பதால் வருகிற நோய் என்பதால்தான் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அடித்துப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். பன்றி இறைச்சி ஹராம் என்பதற்கு மார்க்கத்தில் உள்ள ஆதாரம் நமக்குப் போதும். அதற்கு இந்நோயைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை. இழுத்தால் சாட்சி பொய்த்துப் போகும்.

உண்மையில் இந்தப் பெயர் அரபியரின் கண்டுபிடிப்பே அல்ல. கிரேக்கர்கள் இந்நோயை 'கொய்ராதெஸ்' என்றார்கள். பன்றி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிரேக்கப் பெயரின் நேர்ப் பெயர்ப்பே கனாஸீர் என்று கொள்வதுதான் பொருத்தம். லத்தீன்காரர்களும் அதையே செய்தார்கள். 'ஸ்க்ரோஃபா' என்றால் பெண் பன்றி. அதிலிருந்து 'ஸ்க்ரோஃபுலா', அதாவது குட்டிப் பெண் பன்றிகள். ஆங்கில வைத்தியர்கள் இன்றும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஏன் பன்றி என்பதற்கு முன்னோர் பல காரணம் சொன்னார்கள். பன்றியின் கழுத்து தடித்திருப்பது போல நோயாளியின் கழுத்தும் ஆகிவிடுகிறது என்பார் ஒருவர். பன்றி ஒரே ஈற்றில் பல குட்டி போடுவது போலக் கட்டிகள் கூட்டமாக வருகின்றன என்பார் மற்றொருவர். எப்படியோ, உவமை நோயின் தோற்றத்தைப் பற்றியது. காரணத்தைப் பற்றியது அல்ல. நம்மவர்கள் மாலையைக் கண்ட இடத்தில் மத்தியதரைக் கடலோரத்தார் பன்றிக்குட்டிகளைக் கண்டார்கள். இரண்டிலும் பன்மை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒற்றை வீக்கத்தைப் பார்த்து யாரும் மாலை என்றோ பன்றிக்கூட்டம் என்றோ சொல்லமாட்டார்கள்.

அந்தலுஸின் அறுவை வைத்தியர் அஸ்ஸஹ்ராவியும் 'அத்தஸ்ரீஃப்' என்ற தமது பெருநூலின் அறுவைப் பகுதியில், கழுத்தில் வரும் கனாஸீரை ஓர் அத்தியாயத்திலும் தொண்டையின் முன்புறத்தில் வரும் பெருவீக்கத்தைத் தனியாக வேறோர் அத்தியாயத்திலும் வைக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன் குர்துபாவில் இருந்தவர் பிரித்து வைத்ததை நாம் இன்று ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம்.

ஐரோப்பாவில் இந்நோய்க்கு இன்னொரு பெயரும் இருந்தது: அரசனின் நோய். அரசர் தொட்டால் மாறும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். இங்கிலாந்திலும் பிரான்சிலும் நூற்றாண்டுக் கணக்கில் நோயாளிகள் வரிசையில் நின்று அரசரின் கைபட்டுப் போனார்கள். 1712இல் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை லண்டனுக்குக் கொண்டுபோய் ஆன் அரசியிடம் தொடுவித்தார்கள். தழும்புகள் கடைசிவரை மாறவில்லை. அந்தக் குழந்தைதான் பின்னாளில் 1755இல் ஆங்கில மொழியின் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன். சொற்களுக்குப் பொருள் சொன்ன மனிதரின் கழுத்தில் இந்தச் சொல் தழும்பாகவே இருந்திருக்கிறது.

1882 மார்ச் 24ஆம் திகதி ரொபர்ட் கொக் காசநோயின் பற்றீரியாவைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார். அதன் பிறகுதான் நுரையீரலை அரிக்கும் சயரோகமும் கழுத்தில் கோவையாக எழும்பும் கண்டமாலையும் ஒரே கிருமியின் வேலை என்பது உறுதியாயிற்று. ஐரோப்பாவில் பெரும்பகுதி மாட்டின் காசநோயாக, காய்ச்சாத பாலின் வழியே பிள்ளைகளுக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் நாம் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை என்பது ஒரு பெரும் பாதுகாப்பு. ஆனால் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமியும் நுரையீரலுக்குள் போய் அங்கிருந்து நெறிகளுக்குப் பரவி இதையே செய்யும். நுரையீரலுக்கு வெளியே காசநோய் பிடிக்கும் இடங்களில் நெறிகள் முன்வரிசையில் இருக்கின்றன.

இந்த 'நெறி' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அதே நெறிதான். பாடநூலில் இதற்கு நிணநீர்க் கணு என்று பெயர். சிலர் நிணநீர்ச் சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். இது ஆங்கிலத்தின் பழைய வழக்கை அப்படியே ஏற்றுக்கொண்டதன் விளைவு. சுரப்பி என்றால் எதையாவது சுரக்க வேண்டும். தைரொயிட் ஓமோனைச் சுரக்கிறது, உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரக்கிறது. நெறி ஒன்றையும் சுரப்பதில்லை. அது ஒரு வடிகட்டி, கிருமியைப் பிடித்து வைக்கும் காவற்கூடம். ஆங்கிலத்திலேயே இப்போது கணு என்றுதான் சொல்கிறார்கள். நெறியையும் சுரப்பி, தைரொயிட்டையும் சுரப்பி என்று சொல்லிச் சொல்லியே இரண்டு நோய்களும் சுரப்பி நோய் என்ற ஒரே கூடைக்குள் விழுந்துவிட்டன. கூகைக்கட்டையும் சேர்த்து அந்தக் கூடைக்குள் போடுபவர்கள் உண்டு. அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வைரஸ் செய்யும் வேலை, அதன் கதை வேறு.

சொல் எப்படி இடம் மாறியது? என் கணிப்பு இது. காசநோய்க்கு மருந்து வந்தபின் கழுத்தில் கோவையாய்க் கட்டி எழும்பி உடைந்தவர்களைக் காண்பது அரிதாயிற்று. சொல் வேலையில்லாமல் கிடந்தது. மறுபக்கம், நமது தீவின் தென்மேற்கு ஈரவலயத்தில் அயடீன் குறைந்த கழுத்து வீக்கம் பரவலாக இருந்தது. பெரும் மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடும் பிரதேசம் அது. அந்நோயைப் பற்றிப் பாடநூலில் எழுதவும் விளம்பரம் செய்யவும் ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்டது. கழுத்தோடு தொடர்புடைய ஒரு பழைய சொல் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டார்கள். 1995இலிருந்து இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. அதையொட்டி வந்த பிரசாரத்தில் கண்டமாலையும் அயடீனும் பிரிக்க முடியாத சோடியாகிவிட்டன. தமிழ்நாட்டில் இப்படி நடக்கவில்லை. அங்கே அயடீன் குறைபாட்டு வீக்கத்தை முன்கழுத்துக் கழலை என்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்றால் நான் இத்தனை பக்கம் கேட்டிருக்கமாட்டேன். எனக்கு உறவில் ஒரு பெண், வயது முப்பதுக்குள். கழுத்தின் வலது பக்கத்தில் மூன்று சின்னக் கட்டிகள். நோவில்லை. பின்னேரம் லேசான காய்ச்சல், உடம்பு இளைப்பு. ஊரிலிருந்த வயதான பரியாரியார் ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது கண்டமாலை புள்ள, கவனிக்கணும்" என்று சொல்லி, பூச எண்ணெய் கொடுத்து, குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய நூல் படித்தவர், பழைய பொருளில் சொன்னார். வீட்டிலோ ஓ.எல். படிக்கிற மகள் பாடநூலை விரித்து, "உம்மா, இது அயடீன் குறைஞ்சதால வந்தது, பயப்பட ஒண்டுமில்ல" என்றிருக்கிறாள். அவளும் படித்ததைத்தான் சொன்னாள். மறுகா என்ன, கறியில் உப்புக் கூடியது, மீன் கூடியது, நோன்பு காலத்துக் கடற்பாசி வருடம் முழுக்க வந்தது. ஐந்து மாதம் போய்விட்டது. கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்று மெதுவாய்ப் பழுத்து உடைந்தபிறகுதான் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனார்கள். ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்தபோது காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் குளிசை போட்டு, அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டார். தழும்பு மட்டும் இருக்கிறது. யாரும் பொய் சொல்லாமல், யாரும் கவனக்குறைவாய் நடக்காமல், சொல் ஒன்றே ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டது.

இரண்டையும் எப்படி வேறு பிரித்து அறிவது? தைரொயிட் முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்தால், விழுங்கும்போது தைரொயிட் வீக்கம் மேலே ஏறி இறங்கும். நெறிக்கட்டிகள் பெரும்பாலும் கழுத்தின் பக்கங்களில், காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை வரிசையாக இருக்கும். விழுங்கும்போது அசையாது. காசநோய் நெறிகள் ஆரம்பத்தில் தனித்தனியே உருளும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். சாதாரணக் கட்டியைப் போலச் சூடும் சிவப்பும் கடும் நோவும் இருக்காது. இதுதான் ஆளை ஏமாற்றுவது. நோகாத கட்டியை யார் அவசரமாய்க் காட்டப் போகிறார்கள்? ஆனால் தண்ணீர் குடித்துப் பார்ப்பது எங்கே காட்ட வேண்டும் என்று யோசிக்க உதவும், அவ்வளவுதான். கழுத்து நெறி வீங்குவதெல்லாம் காசநோயும் அல்ல. தொண்டைப் புண்ணாலும் பல்லில் சீழ் வைத்தாலும் வீங்கும், சிலவேளை புற்றுநோயாகவும் இருக்கும். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நிற்கும் எந்தக் கட்டியையும் வைத்தியர் பார்க்க வேண்டும். சளியில் கிருமி இல்லை, நெஞ்சுப் படம் சுத்தம் என்று சொன்னாலும் நெறியில் காசம் இருக்கலாம். அதனால்தான் ஊசிப் பரிசோதனையோ, நெறியை எடுத்துப் பார்ப்பதோ அவசியமாகிறது. பத்துப் போட்டுப் பழுக்க வைத்துக் கீறிவிடுவது நல்லதல்ல. கீறிய வாய் மாதக் கணக்கில் மூடாமல் வடியும்.

மருந்து முதல் இரண்டு மாதம் நான்கு வகை, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். செஸ்ட் கிளினிக் என்று சொன்னால்தான் ஓட்டோக்காரருக்கு விளங்கும். மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகும், அது குளிசையின் நிறம். சிலருக்கு மருந்து வேலை செய்யும்போதே நெறி சற்றுப் பெருக்கும். இதைக் கண்டு பயந்து குளிசையை நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தாமல் கிளினிக்கில் போய்ச் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்திலும் நட்டம் இருக்கிறது. தைரொயிட் வீக்கம் என்றாலே அயடீன் குறைவு என்று இப்போது முடிவு கட்ட முடியாது. உப்பில் அயடீன் சேர்ந்த பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குவதால் வரும் வீக்கம் போன்றவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவற்றுக்கு உப்பைக் கூட்டுவதால் பயனில்லை, பிரஷர் ஏறுவதுதான் மிச்சம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயடீன் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. வழக்கமான அளவு அயடீன் உப்பே இதற்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். கடல் உப்பில் அயடீன் இயல்பாகவே நிறைய இருக்கும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். புத்தளத்து உப்பளத்தில் விளைந்தாலும் ஆனையிறவில் விளைந்தாலும், சேர்க்காவிட்டால் அதில் அயடீன் மிகக் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில குடும்பங்களில் கண்டமாலை என்ற சொல் அறியாமையால் வருவதில்லை, தெரிந்தே வருகிறது. வீட்டில் குமர் இருக்கும்போது காசநோய் என்ற பேச்சு வெளியே போகக் கூடாது. சயரோகம் என்றால் சம்பந்தம் பேச வந்தவர்கள் படலையோடு திரும்பிவிடுவார்கள். கண்டமாலை என்றால் அயடீன் குறைவு என்று எண்ணிக்கொள்வார்கள். சொல்லின் இரட்டைப் பொருள் ஒரு திரையாகிறது. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் திரை தேவையே இல்லை. நெறியில் மட்டும் உள்ள காசநோய் பொதுவாக மற்றவர்களுக்குத் தொற்றாது. இருமலில் கிருமி வெளிவருவது நுரையீரல் அல்லது குரல்வளையில் நோய் இருந்தால்தான். ஆறு மாதம் ஒழுங்காகக் குளிசை போட்டுச் சுகமான பெண்ணுக்குக் கலியாணத்திலோ பிள்ளை பெறுவதிலோ தடையில்லை. இதை ஜும்ஆ பிரசங்கத்துக்குப் பின் ஐந்து நிமிடம் ஒரு வைத்தியர் எழுந்து சொன்னால் பல வீடுகளில் மூச்சு லேசாகும்.

சொல்லை என்ன செய்வது? பழைய பொருளுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பரீட்சைக்கு மனனம் செய்ததை ஒரு சுற்றறிக்கையால் அழிக்க முடியாது. நான் தமிழாக்கும் பிரசுரங்களில் கண்டமாலை என்ற சொல்லையே விட்டுவிட்டேன். அயடீனைப் பற்றி எழுதும்போது 'தைரொயிட் வீக்கம்' என்கிறேன். மற்றதைக் 'கழுத்து நெறியில் காசநோய்' என்று எழுதுகிறேன். இரண்டாவதைப் பார்த்த ஓர் அதிகாரி, காசநோய் என்ற சொல் மக்களைப் பயமுறுத்தும், கண்டமாலை என்றே போடுங்களேன் என்றார். ஆறு மாதம் எதற்குக் குளிசை போடுகிறோம் என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். பிரசுரம் இரண்டு கிழமை அவர் மேசையில் கிடந்தது, பிறகு நான் எழுதியபடியே அச்சுக்குப் போனது.